கடலுக்குள் காடு இல்லை என்றவள்

உப்புத் தண்ணீரில் மரம் உயிரோடு நிற்குமா?

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த வருடம், எங்கள் வீதி மயிலாள் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. பூகோளத்தில் நல்ல மார்க் வாங்கியவன் என்று நம்பிக் கேட்டாள். பாலைவனம் என்றால் மணல், ஒட்டகம், பேரீச்சை என்று எழுதி வாங்கிய மார்க் அது. "தெரியலீங்கக்கா" என்றேன். அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதற்கு யாராவது இவ்வளவு நொந்துபோவார்களா என்று எனக்கு விளங்கவில்லை. நடந்ததை அவளிடமும் மற்றவர்களிடமும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி அதை இங்கே எழுதுகிறேன்.

மயிலாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை, நூல் விட்டுப்போன இடம், மிஷின் எண்ணெய்க் கறை ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அவள் 'டேமேஜ்' என்று தள்ளிவிட்டதை முதலாளிகூட மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. அவள் கணவன் கந்தப்பன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற மனிதர். கத்தரிக்காய் வாங்குவதிலிருந்து கறவை மாடு பிடிப்பது வரைக்கும் மயிலாளின் கண்தான் அவருக்குக் கணக்கு. அவள் ஒரு பொருளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டால் அவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

கந்தப்பன் முதலில் விவசாயிதான். நொய்யல் கரையோரம் அவர்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருந்தது. பக்கத்தில் பனியன் துணியை மருந்து போட்டு வெளுக்கிற ஒரு சலவைப் பட்டறை வந்தது. பட்டறைத் தண்ணீர் பூமியில் இறங்கி இறங்கிக் கிணறு உப்பாகிப்போனது. முதலில் குரும்பை கொட்டியது, பிறகு மட்டை தொங்கியது, கடைசியில் மரங்கள் தலையில்லாமல் நின்றன. புதுப்பெண்ணாக வந்த மயிலாள் மரம் மரமாகப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள். உப்பு ஏறினால் மரம் செத்துப்போகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய தங்கை ரங்காத்தாள். தங்கையின் கணவன் லிங்கசாமி, அனுப்பர்பாளையத்துக்காரன். கந்தப்பனின் மேஜையில் நின்றுதான் கத்தரி பிடிக்கப் பழகினான். எழுபத்து மூன்றில் அபுதாபிக்குப் போனான். அங்கே சீருடை தைக்கிற ஒரு பெரிய கடையில் கட்டர் வேலை. கொஞ்ச நாளில் மனைவியையும் மகள் சாரதாமணியையும் கூட்டிக்கொண்டான். எங்கள் வீதியில் அந்த ஊரை யாரும் அபுதாபி என்று சொன்னதில்லை. எல்லாம் 'துபாயி'தான்.

எழுபத்தாறில் அவர்கள் லீவில் வந்தார்கள். வந்ததும் ரெண்டு நாள் அக்கா வீட்டில் தங்கினார்கள். நைலக்ஸ் புடவை, டேப் ரெக்கார்டர், மணக்கிற சோப்பு, தங்கச் செயின் எல்லாவற்றையும் மயிலாள் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தாங்கிக்கொண்டாள். "என் தங்கச்சிக்கு வந்தா எனக்கு வந்தாப்பல" என்று வந்தவர்களிடம் சொன்னாள். பாதி மனதோடாவது சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனிப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மயிலாளின் ஓரகத்தி சின்னாத்தாளும் வந்தாள். அவள் கந்தப்பனின் தம்பி சென்னிமலையின் மனைவி. அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

"ஏ அம்மிணி, அந்தூர்ல எங்கியாச்சும் வெளிய தெருவ போவீங்களா, இல்ல கோழியாட்ட ஊட்டுக்குள்ளயே அடஞ்சு கெடப்பீங்களா?" என்று சின்னாத்தாள் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம லீவுங்க்கா. பொறப்படறதுக்கு முந்தின வாரம் ஒரு எடத்துக்குப் போனோமுங்க. கடலுக்குள்ள காடு."

"கடலுக்குள்ளயா?"

"ஆமாங்க. கூட வேலை செய்யற ஒரு மலையாளத்துக்காரரு வண்டி வெச்சிருக்காருங்க. தக்காளிச் சோறும் பருப்பு வடையும் கட்டிக்கிட்டு, வெடியால இருட்டோட பொறப்பட்டோம். ரோடெல்லாம் மணலுங்க. நம்மூருப் புழுதி அல்ல, மாவாட்ட மணலு. ஒரு புல்லுப் பூண்டு கெடையாது. போகப் போகத் தலையே சுத்துது. அப்புறம் பாத்தா, கடலோரத்துல பச்சைப் பசேல்னு மரமுங்க."

ரங்காத்தாள் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். அங்கே ஒரு கிழவர் படகு வைத்திருந்தார். நாலு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மரங்களுக்கு நடுவில் வாய்க்கால் மாதிரி கடல் தண்ணீர் வளைந்து வளைந்து போனது. ரெண்டு பக்கமும் கிளை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெயில் சுடவில்லை. சிவப்புக் காலோடு நெட்டைப் பறவைகள் நின்றன. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற நண்டுகள் சேற்றில் நின்றுகொண்டு வா வா என்று கூப்பிடுகிற மாதிரி கொடுக்கை ஆட்டின.

"வேரு மண்ணுக்குள்ள போவுலீங்க. மேல வருது. பருத்திமாரு வெட்டுன காட்டுல தாளு குத்திக்கிட்டு நிக்குமே, அதாட்ட சேத்துல பூராம் குச்சி குச்சியா நிக்குதுங்க. இவரு ஒண்ணைப் புடிச்சு இழுத்துப் பாத்தாரு. படகுக்காரரு சத்தம் போட்டாரு. மரம் அதுலதான் மூச்சு உடுதாமா."

"மரம் மூச்சு உடுதா?" ஒருத்தி சிரித்தாள்.

"அப்புறம் கேளுங்க. நாங்க சோறு திங்கறதுக்குள்ள தண்ணி இறங்கிப்போச்சு. படகு சேத்துல ஒக்காந்துக்கிச்சு. இவரு வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்கித் தள்ளறாரு, மொழங்கால் மட்டும் சேறு. எங்க சாரதாமணி அப்பனைப் புடிக்கறேன்னு தொபுக்கடீர்னு உழுந்துட்டா. நாங்க சிரிச்ச சிரிப்புல படகே ஆடுதுங்க. தண்ணி திரும்பி வர்ற வரைக்கும் அப்படியே ஒக்காந்திருந்தோம். சும்மா. பேசிக்கிட்டு."

மயிலாளுக்கு அந்த 'சும்மா'தான் சுருக்கென்றது.

நைலக்ஸ் புடவையைத் தாங்கினவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அவளும் கந்தப்பனும் சேர்ந்து போகாத இடமில்லை. கல்யாணத்துக்குப் போனார்கள், எழவுக்குப் போனார்கள், பழனிக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாம் ஒரு காரியமாகத்தான். காரியம் முடிந்ததும் அடுத்த பஸ். ஒரு காரியமும் இல்லாமல், மரத்தைப் பார்க்கவென்றே புருசனோடு ஒரு பகல் முழுக்கப் போய் உட்கார்ந்து சிரித்தது என்று அவளுக்கு நினைவுக்கு வந்த நாள் ஒன்றுகூட இல்லை. அப்படியும் ஒரு நாள் இருக்க முடியும் என்பதே தங்கை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் யாரோடு போய்? கந்தப்பன் கையைப் பிடித்துக் கத்தரி ஓட்டக் கற்றுக்கொடுத்த லிங்கசாமியோடு.

"ரங்கு" என்றாள் மயிலாள். "அந்தத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

"கடலுக்கா. உப்புத்தான்."

"உப்புத் தண்ணியில மரமா?"

"ஆமாக்கா."

"நம்ம தோப்பு என்னாச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல? பட்டறைத் தண்ணிக்கே தென்னை மொட்டையாப் போச்சு. நீ என்னடான்னா கடல்லயே மரம் நிக்குதுங்கறே. கேக்கறவங்க எல்லாம் கேனையா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நொய்யல் கரையில் பட்டுப்போன தோப்பைப் பார்க்காதவர்கள் அங்கே யாருமில்லை. ரங்காத்தாள் உள்ளே போய் ஒரு கலர் போட்டோ எடுத்து வந்தாள். படகில் நாலு பேர், பின்னால் பச்சை மரம், கீழே தண்ணீர்.

மயிலாள் அதை வாங்கி, பனியனைப் பிடிப்பது போல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஸ்டுடியோவுல திரை கட்டி எடுத்தது. கல்யாணமான புதுசுல நாமெல்லாம் பலகைப் படகுல ஒக்காந்து, பின்னால ஏரி வரைஞ்ச திரையோட எடுத்துக்கிட்டமே, அதேதான். கலரு மட்டும் துபாயி கலரு."

வாசல் முழுவதும் சிரிப்பு எழுந்தது. சின்னாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங் லிங்கசாமிண்ணா, அந்தத் திரையைச் சுருட்டிக்கிட்டு வந்திருந்தா நாங்களும் ஒரு போட்டோ எடுத்திருப்பமில்ல" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "பெரீம்மா, நெசமாப் போனோம், எலைகூட நக்கிப் பாத்தேன், உப்பா இருந்துச்சு" என்று சாரதாமணி அழ ஆரம்பித்தாள். அதற்கும் சிரித்தார்கள். ரங்காத்தாள் போட்டோவை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மயிலாளுக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி சாயந்திரம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

விருந்தாளிகளின் அழுக்குத் துணியைத் துவைக்க எடுத்தாள். பையின் அடியில் ஒரு பழைய பனியன் சுருண்டு கிடந்தது. கழுத்து வளைவைப் பார்த்ததுமே கந்தப்பன் லிங்கசாமிக்கு வெட்டிக்கொடுத்தது என்று தெரிந்தது. அதற்குள் சாரதாமணியின் கேன்வாஸ் ஷூ. ஷூவிலும் பனியனிலும் காய்ந்துபோன கறுப்புச் சேறு. மயிலாளுக்குத் தெரியாத கறை கிடையாது. மிஷின் எண்ணெய், துரு, வெற்றிலை, நொய்யல் சேறு எல்லாம் அவள் கண்ணுக்குப் பழக்கம். இது எதிலும் சேரவில்லை. தண்ணீர் பட்டதும் கெட்டுப்போன முட்டை மாதிரி நாற்றம் அடித்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. ஷூவின் மடிப்பில் ஒரு இலை ஒட்டியிருந்தது. தடித்த இலை. மேலே பச்சை, அடியில் வெள்ளி பூசின மாதிரி. அப்படி ஒரு மரம் எங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

திரைச்சீலையில் வரைந்த சேறு ஷூவில் ஒட்டாது.

மயிலாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பனியனைக் கல்லில் போட்டு அடி அடி என்று அடித்தாள். ஷூவைத் தேய்த்துக் கழுவினாள். சேறும் இலையும் சாக்கடையில் போயின. கொடியில் காயப்போட்டபோது பனியன் புதுசு மாதிரி இருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லிங்கசாமி கந்தப்பனிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாஸ்டருங்க, எங்க கடையில இன்னொரு கட்டர் வேணுமுங்க. மொதலாளி எம்பேச்சுக்கு மதிப்புக் குடுப்பாருங்க. நீங்க வந்தா நல்லது. ஒரு வருசம் கழிச்சு அக்காவையும் கூட்டிக்கலாம்."

கந்தப்பன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு அடுப்படிக்கு வந்தார்.

"என்ன சொல்றே?"

மயிலாளுக்கு ஆசைதான். போங்க என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் தங்கை தயவில் போனதாக ஆகும். அதைவிட, கடலுக்குள் காடு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். நேற்றுச் சிரித்த வாயெல்லாம் இன்றைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கந்தப்பனுக்கு அது போதும். "நம்மளுக்கு ஒத்து வராது தம்பி" என்று லிங்கசாமியிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். லிங்கசாமி எழுந்து ரங்காத்தாளைப் புறப்படச் சொன்னான். அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு அனுப்பர்பாளையம் போய்விட்டார்கள். கந்தப்பன் வேண்டாம் என்ற வேலையை லிங்கசாமி அவர் தம்பி சென்னிமலைக்குக் கொடுக்கிறான் என்ற சேதி ரெண்டு நாளில் வந்தது. சென்னிமலை டைலர்தான். வெட்டவும் ஓரளவு தெரியும்.

அடுத்த வாரம் முழுக்கக் குழாயடியில் சின்னாத்தாள் குடம் வைப்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். "ஏனுங்கக்கா, கடல் காத்து பட்டா முடி கொட்டுமாமே, நெசமுங்களா?" "படகுல ஒக்கார புடவை நல்லதா, பாவாடை தாவணியாட்ட ஏதாச்சும் சின்னதாக் கட்டிக்கறதா?" ஒரு நாள் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி வந்து, சேற்றில் வழுக்குமா என்று வாசல் ஈரத்தில் நடந்து பார்த்தாள்.

"மரமே இல்லாத ஊருக்கு எதுக்குடி சேத்துச் செருப்பு?" என்று மயிலாள் கேட்டாள்.

"இல்லாட்டிப் போவுது. திரைக்கு முன்னால நடந்துக்கறேன்" என்றாள் சின்னாத்தாள்.

தங்கை மேல் இருந்த பொறாமை கங்கு மாதிரி கனன்றுகொண்டிருந்தது. ஓரகத்தி மேல் வந்த பொறாமை பற்றி எரிந்தது. தங்கையாவது ஒரே வயிற்றில் பிறந்தவள். இவள், நேற்றுவரை தன்னிடம் உப்பு கடன் கேட்டவள். அந்தப் படகில், அந்த நிழலில், சிவப்புக் கால் பறவைக்குப் பக்கத்தில் மயிலாள் மனசுக்குள் தன்னை உட்கார வைத்துப் பார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் பலமுறை உட்கார்ந்து பார்த்திருந்தாள். இப்போது அந்த இடத்தில் சின்னாத்தாள் ரப்பர் செருப்போடு ஏறி உட்கார்ந்தாள். அந்த வாரம் ஓட்டையுள்ள பனியன் ஒன்று மயிலாளின் கையைத் தாண்டிப் போய்விட்டது. முதலாளி அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

என்னிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். நிற்காது என்று நான் சொல்லியிருந்தால், ஷூவில் பார்த்தது வேறு ஏதோ சேறு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகியிருப்பாள். எனக்கோ பதில் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. கோயமுத்தூர் ஏஜெண்டிடம் விசாவுக்கான காகிதம் கொடுக்க லிங்கசாமியும் சென்னிமலையும் வியாழக்கிழமை போவதாக இருந்தார்கள். மயிலாள் கம்பெனிக்கு லீவு சொன்னாள். கந்தப்பனையும் போடச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ரெண்டு பேரும் அனுப்பர்பாளையம் போனார்கள்.

லிங்கசாமி வீட்டைச் சுற்றி எல்லாம் பாத்திரப் பட்டறைகள். பித்தளை தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. உள்ளே சென்னிமலையும் சின்னாத்தாளும் ஏற்கெனவே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரங்காத்தாள் அக்காவைப் பார்த்ததும் தண்ணீர் சொம்பை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ரங்கு, மரம் இருக்குது" என்றாள் மயிலாள்.

"என்னக்கா?" சத்தத்தில் கேட்கவில்லை.

மயிலாள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னாள். "கடலுக்குள்ள மரம் இருக்குதுன்னேன். நீ சொன்னது நெசம். மணி ஷூவுல சேறு பாத்தேன், எலை பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். எனக்கு வயித்தெரிச்சல். அதுதான் சொல்லுல. போதுமா?"

சாரதாமணி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "சொன்னேனில்ல."

ரங்காத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள். "இத்தனை பேரு முன்னால சொல்லோணும்னு நான் கேக்கலியேக்கா."

"நீ கேக்குல. எனக்குச் சொல்லோணும்." மயிலாள் லிங்கசாமியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவரு வேண்டாம்னு சொன்னது அவரா சொன்னதில்ல. நான் பண்ணுனது. அந்த வேலை அவருக்கே ஆவட்டும்."

லிங்கசாமி கந்தப்பனைப் பார்த்தான், சென்னிமலையைப் பார்த்தான். "மாஸ்டருங்க, தம்பிக்கு வாக்குக் குடுத்துப்போட்டேனுங்க. இனி மாத்தறது நல்லா இருக்காது. இன்னொரு வேலை வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

சின்னாத்தாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஏனக்கா, நெசமாவே மரம் இருக்குதுங்களா?" என்றாள். "நீங்க சொன்னா அப்பீலே கெடையாதுன்னு, நான் வெறும் மணலுக்குத்தான் போறோம்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். சம்பளத்துக்காக அதையும் பொறுத்துக்கலாம்னு. மரமும் இருக்குதா? பறவையுமா?"

மயிலாள் எதைக் கொடுக்கக்கூடாது என்று ஓடி வந்தாளோ, அதைத் தன் வாயாலேயே எடுத்து ஓரகத்தியின் மடியில் போட்டுவிட்டாள். சின்னாத்தாள் பாயில் கையை ஊன்றி நகர்ந்து ரங்காத்தாளின் பக்கம் போய், "அந்த நண்டு எப்படிக் கூப்புடும், இன்னொருக்கா சொல்லு அம்மிணி" என்று கேட்டாள். ரங்காத்தாள் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கந்தப்பன் முன்னால் போனார். வழக்கமாக அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. மயிலாள் வேகமாக நடந்து பக்கத்தில் வந்தாள்.

"துபாயி போவாதது உங்களுக்கு வருத்தமுங்களா?"

"அது போனாப் போவுது" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "நீ டேமேஜுன்னா நான் விரிச்சுக்கூடப் பாக்காம ஒதுக்கிப்போடுவேன். இத்தனை வருசமா அப்படித்தான். இனி நானும் ஒருக்காப் பாத்துக்கறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மயிலாள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

இது நடந்து ரெண்டு வருடம் ஆகிறது. சென்னிமலைக்குப் பின்னால் சின்னாத்தாளும் அபுதாபி போய்விட்டாள். அவள் அனுப்பின கேசட்டை டேப் ரெக்கார்டர் இருக்கிற எதிர் வீட்டில் போட்டார்கள். படகில் போன கதை அரை மணி நேரம் ஓடியது. மயிலாள் சுவரில் சாய்ந்து முழுதும் கேட்டாள். முடிந்ததும் எழுந்து போனாள். கந்தப்பன் இப்போது கத்தரிக்காயைத் தானே புரட்டிப் பார்த்து வாங்குகிறார். அவர் கை கூடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு கட்டர் வேலை இன்னும் வரவில்லை.

இதை எழுதட்டுமா என்று மயிலாளிடமே கேட்டேன். "எழுது கண்ணு. படிக்கறவங்க நாலு பேருகிட்டச் சொல்லட்டும்" என்றாள். "சின்னாத்தாளுக்கு மட்டும் அனுப்பிப்போடாதே, அவ அங்கயும் படிச்சுச் சிரிப்பா" என்றும் சொன்னாள். ஆகவே இதைப் படித்தவர்கள், செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்பவர்களிடம், குழாயடியில் காத்திருப்பவர்களிடம், தங்கை ஊரிலிருந்து வருகிறாள் என்று வாசல் பெருக்குகிற அக்காமார்களிடம் இதைச் சொல்லுங்கள். அபுதாபிக்குக் கடிதம் போடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.